டிடி 214ஐத் திருத்தக் கேட்பது எப்படி, அதுவும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு

என் அக்காவின் மகன் கிரீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போய், அங்கே படையில் சேர்ந்து, மூன்று வருடத்தில் வெளியே வந்து, இப்போது எங்களோடு வெள்ளவத்தையில் இருக்கிறான். விலகும்போது கையில் கொடுத்த தாள்தான் டிடி 214. அதில் 24ஆம் பெட்டியில் ‘ஜெனரல்’ என்று இருந்தது. "தம்பியை ஜெனரலாக்கி அனுப்பியிருக்கிறாங்கள்" என்று அக்கா சந்தோஷப்பட்டா. அது பதவி இல்லை, விலகலின் தரம். முழு ‘ஹானரபிள்’ விலகலுக்கு ஒரு படி கீழே. படிக்கலாம் என்று வெளிக்கிட்டபோதுதான் தெரிந்தது, ஜிஐ பில் என்கிற படிப்புப் பணத்துக்கு ‘ஹானரபிள்’ வேண்டும், ‘ஜெனரல்’ காணாது.

அவனுக்காக நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலங்கைப் படையில் இருந்து விலகியவர்களுக்கு வழி வேறு, இது அவர்களுக்கு உதவாது.

முதலில் ஒரு வதந்தியைக் கழித்துவிடுவோம். ஆறு மாதம் பொறுத்தால் விலகல் தரம் தானாகவே உயர்ந்துவிடும் என்று படையிலேயே சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. நீங்கள் எழுதிக் கேட்காமல் ஓர் எழுத்துக்கூட மாறாது.

கேட்பதற்கு முன் தாள்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். டிடி 214இலேயே சுருக்கமான பிரதி, முழுப் பிரதி என்று இருக்கிறது. 24இல் தரம், 26இல் விலகல் குறியீடு, 27இல் திரும்பச் சேர்வதற்கான குறியீடு, 28இல் காரணம், இவை உள்ள ‘மெம்பர் 4’ பிரதியைத்தான் தேட வேண்டும். அதோடு உங்கள் முழுக் கோப்பையும், மருத்துவப் பதிவுகளையும் மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸில் உள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்திடம் கேளுங்கள். எஸ்எஃப் 180 என்ற படிவத்திலும் கேட்கலாம், ஒன்லைனிலும் கேட்கலாம். உங்களை ஏன் விலக்கினார்கள் என்று மேலதிகாரிகள் எழுதியது கோப்புக்குள் இருக்கும். அதைப் படிக்காமல் பதில் எழுதுவது கேள்வித்தாளைப் பார்க்காமல் பரீட்சை எழுதுவது போல.

சரி, எந்தப் படிவம்? இங்கேதான் அநேகர் பிழை விடுகிறார்கள். பதக்கம் விடுபட்டது, திகதி மாறியது போன்ற வெறும் எழுத்துப் பிழை என்றால், முதலில் நீங்கள் இருந்த படையின் ஆளணிப் பிரிவுக்கே எழுதலாம். தரைப்படைக்கு அது கென்டக்கியில் ஃபோர்ட் நொக்ஸில் இருக்கிறது. திருத்தத்தை டிடி 215 என்ற தனித் தாளாக அனுப்புவார்கள், பழைய தாளை அழித்து எழுத மாட்டார்கள். விலகல் தரத்தையோ காரணத்தையோ மாற்ற வேண்டும், விலகி இன்னும் 15 வருடம் ஆகவில்லை என்றால் டிடி 293. 2012 மார்ச்சில் விலகியவருக்கு 2027 மார்ச் வரை நேரம் இருக்கிறது. இது விலகல் மீளாய்வுச் சபைக்குப் போகும். ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்கிற மேல்நிலை இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் விலக்கப்பட்டவர்களின் விஷயத்தில் இந்தச் சபை கை வைக்காது, மருத்துவ ஓய்வாக மாற்றித் தரவும் அதனால் முடியாது. அந்த மாதிரிக் கேள்விகளுக்கும், 15 வருடம் தாண்டியவர்களுக்கும் டிடி 149. அது பதிவுத் திருத்தச் சபைக்கு. பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் நியாயம் கருதி அந்த எல்லையைத் தள்ளிவைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. பிந்தியிருந்தால் ஏன் பிந்தியது என்று நாலு வரி எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். விலகியவர் இறந்திருந்தால் மனைவியோ நெருங்கிய உறவினரோ மரணச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்கலாம்.

எங்கள் ஆட்களுக்குப் பெயர்தான் பெரிய வில்லங்கம். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போய், சொந்தப் பெயர் நடுவில் மாட்டி, பாஸ்போர்ட்டில் ஒன்று, டிடி 214இல் ஒன்று. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதாவது டிடி 4ஐ எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக இருந்து 214இல் மாறியிருந்தால் அது தட்டச்சுப் பிழை, திருத்துவது லேசு. இரண்டிலும் ஒரே பெயர் என்றால் சபை இலேசில் மாற்றாது. அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அதைத்தான் பதிவு காட்ட வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அப்படியானால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்வது நல்லது, மற்ற இடங்களுக்காவது உதவும்.

இனி கடிதம். ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது’ என்று தொடங்காதீர்கள். 24ஆம் பெட்டியில் இருப்பதை ‘ஹானரபிள்’ என்றும், 28ஆம் பெட்டியில் இருக்கும் காரணத்தை இன்னதென்றும் மாற்றக் கேட்கிறேன், இது முதல் வரி. அப்புறம் என்ன பிழை அல்லது என்ன அநீதி, அதற்கு எந்தத் தாள் சாட்சி. மருமகனின் முதல் வரைவு ஐந்து பக்கம், அதில் மூன்று பக்கம் ஒரு சார்ஜன்டைத் திட்டியது. வெட்டி எறிந்தேன், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. படை செய்தது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் சபை உங்கள் கோப்பைத் திறக்கும். பிழை என்று காட்ட வேண்டியது உங்கள் பாடு. சபைகளின் பழைய தீர்ப்புகள் பெயர்களை நீக்கி ஒன்லைனில் போடப்பட்டிருக்கின்றன. உங்கள் கதை போல நாலைந்தைப் படித்தால் எது எடுபடுகிறது என்று பிடிபடும்.

விலக்கக் காரணமான நடத்தைக்குப் பின்னால் மனப்பாதிப்பு, தலையில் அடி, பாலியல் துன்புறுத்தல் ஏதாவது இருந்தால் அதை மறைக்காதீர்கள். 2014இல் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ஹேகல் கொடுத்த அறிவுறுத்தலும் 2017 ஓகஸ்டில் அதே திணைக்களத்தின் உயர் அதிகாரி குர்ட்டா கொடுத்ததும் இப்படியானவர்களின் விண்ணப்பத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொல்கின்றன. சபை கேட்பது நாலு கேள்வி: பாதிப்பு இருந்ததா, சேவைக் காலத்தில் நடந்ததா, அந்த நடத்தைக்கு அது காரணமாகுமா, குற்றத்தைவிட அது பாரமானதா. நாலுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். "இதையெல்லாம் எழுதாதே, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமா" என்று அக்கா சொன்னா. அவாவின் பயம் விளங்குகிறது. ஆனால் தீர்ப்பைப் பெயர் இல்லாமல்தான் வெளியிடுகிறார்கள், வெள்ளவத்தைக்குத் தெரிய வராது. இங்குள்ள மனநல மருத்துவரின் அறிக்கையும் உதவும், ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலகிய பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்பதற்கும் பெறுமதி உண்டு. பொலிஸ் நற்சான்று, வேலைத்தலக் கடிதம், கூடச் சேவை செய்தவர்களின் கையெழுத்திட்ட கடிதங்கள். கிராம சேவகர் சான்றிதழ் வைத்தால் அவர் யார் என்று ஒரு வரி சேருங்கள், வெர்ஜீனியாவில் உங்கள் கோப்பைப் படிப்பவருக்கு ஜீஎஸ் என்றால் விளங்காது. தமிழ், சிங்களத் தாள்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி தேவை, புதுக்கடைப் பக்கம் போனால் ஆள் கிடைக்கும். மூலத்தை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். முகவரிகள் படிவத்திலேயே இருக்கின்றன, தரைப்படைக்கு ஒன்லைன் வழியும் உண்டு. கட்டணம் ஒரு சதமும் இல்லை. அமெரிக்கன் லீஜன், டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் போன்ற முன்னாள் படையினர் அமைப்புகள் இலவசமாகவே உங்களுக்காக வாதாடும். ஆகவே படிவம் நிரப்பக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். காலி வீதித் தூதரகத்தில் போய் நிற்பதிலும் பலன் இல்லை, முடிவு அவர்கள் கையில் இல்லை.

டிடி 293இல் முதலில் கோப்பைப் பார்த்துத் தீர்க்கும்படி கேளுங்கள். அது சரிவராவிட்டால், 15 வருடத்துக்குள் நேரடி விசாரணை கேட்க இன்னொரு சந்தர்ப்பம் இருக்கும், விசாரணையை முதலில் கேட்டால் கோப்பைப் பார்த்துத் தீர்க்கும் சந்தர்ப்பம் போய்விடும். விசாரணை போனிலோ வீடியோவிலோ வந்தால் நேரத்தைக் கவனியுங்கள். வாஷிங்டனில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30.

பதிவுத் திருத்தச் சபைகள் பத்தில் ஒன்பது விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் இழுக்காமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதுவரை வீட்டையோ ஈமெயிலையோ மாற்றினால் உடனே எழுதி அறிவியுங்கள். அந்தச் சபை மறுத்தாலும், முன்பு காட்டாத புதிய சான்று கிடைத்தால் மறுபடி பார்க்கச் சொல்லலாம். மருமகனின் 293 போய் ஐந்து மாதம் ஆகிறது. அக்கா இப்போதும் கடிதம் வந்ததா என்று காலையில் கேட்கிறா.