நாய் கடித்து நாளானாலும் ரேபீஸ் பயம் போகவில்லையா?

ஊசி போடும் அறையில் செவிலியாக இருக்கிறேன். கடி ஆறிய பிறகும் தூக்கமில்லாமல் வருபவர்களிடம் முதலில் ஊசி அட்டையைத்தான் கேட்பேன். எல்லாத் தவணையும் தேதிப்படி போட்டு, ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே தடுக்கக் காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்து) போட்டிருந்தால் மிக நல்ல பாதுகாப்பு இருக்கிறது.

கடித்த நாயோ பூனையோ 10 நாள் கழித்தும் நலமாக இருந்ததா? அப்படியென்றால் அந்தக் கடியில் ரேபீஸ் வராது. (வௌவால், குரங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஊசியே போடவில்லையா? நாளாகிவிட்டதே என்று வீட்டில் இருக்காதீர்கள். கிருமி மாதக்கணக்கில் அடங்கியிருக்கலாம். அறிகுறி வரும் முன்பு ஊசியால் காப்பாற்ற முடியும், வந்த பிறகு ஏறக்குறைய முடியாது. இன்றே போங்கள்.

புதுக் கடி என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். அப்புறம் நேராக மருத்துவமனை.

எல்லாம் சரியாகப் போட்டும் மனம் அடங்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பயத்துக்கும் சிகிச்சை உண்டு.