மேசியாவைப் பற்றி டிசம்பரில் நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிறந்தால் ஆலயங்களில் ஏசாயா 7, 9, 11 அதிகாரங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும். கூடவே ஒரு வசனமும் வரும், வேதத்தில் இல்லாதது: "யூதர்கள் ராஜாவை எதிர்பார்த்தார்கள், வந்ததோ குழந்தை, அதனால் கோட்டை விட்டார்கள்." ஞாயிறு பள்ளியில் நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு வரியில் எத்தனை பிழை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் அந்தச் சொல். மேசியா என்றால் எண்ணெய் வார்க்கப்பட்டவர், நம் வேதாகம வழக்கில் அபிஷேகம் பண்ணப்பட்டவர். ராஜாக்களுக்கும் ஆசாரியர்களுக்கும் பொதுவான பட்டம். ஏசாயா 45-இல் பாரசீக ராஜா கோரேசுக்கே அந்தப் பட்டம் கிடைக்கிறது. யூதர்கூட இல்லை அவர்! கிறிஸ்து என்பது அதன் கிரேக்கம்தான், இயேசுவின் இரண்டாம் பெயர் அல்ல.

அடுத்தது, எல்லா யூதரும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைப்பது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடித்தபிறகு எழுந்த ஜெபப் பாடல்கள் தாவீதின் குமாரனான ராஜாவைக் கேட்கின்றன. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் சுருள் ஒன்றோ ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இருவரைச் சொல்கிறது. எதிர்பார்ப்பே பலவிதமாக இருக்கும்போது 'கோட்டை விட்டார்கள்' என்று எதை வைத்துச் சொல்வது?

சரி, பெரிய தவறுக்கு வருவோம். யூதர்கள் கேட்டது உலக விடுதலை, நமக்குக் கிடைத்தது ஆத்தும விடுதலை என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். லூக்கா முதல் அதிகாரத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். சத்துருக்களிடமிருந்து விடுதலை என்று பாடுகிறார் யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியா. பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுகிறார்கள், பசித்தவர்கள் வயிறு நிறைகிறார்கள் என்று பாடுகிறாள் மரியாள். இருவரும் யூதர்கள், அவர்கள் பாட்டு இல்லாமல் கிறிஸ்துமஸ் கதையே இல்லை.

ஏசாயா 11-இல், மேசியாவின் ஆட்சியில், ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும். "தங்கிவிட்டதா?" என்பதுதான் யூதர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி. நேர்மையான கேள்வி. இன்னும் இல்லை என்று நமக்கும் தெரியும். அதனால்தான் இரண்டாம் வருகை என்கிறோம், "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் பெத்லகேமுக்கான கவுன்ட்டவுன் மட்டுமல்ல, அதன் முதல் வாரங்களின் வாசகங்கள் பெரும்பாலும் இனி வரப்போவதைப் பற்றியவை. யூதரின் மேசியா எதிர்பார்ப்பு வீணல்ல, கிறிஸ்தவர்களின் காத்திருப்பையும் அது தட்டியெழுப்பலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 2001-இல் எழுதியது.

யூதரின் அந்தக் காத்திருப்பு பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிடவும் இல்லை. கி.பி. 132-இல் ரோமுக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை மேசியா என்றே நம்பினார் யூத வேத அறிஞர் ரபி அகிவா. கலகம் மூன்றே ஆண்டில் நசுக்கப்பட்டது. அப்படியும் நம்பிக்கை போகவில்லை. இன்றும் வாரநாட்களின் மூன்று வேளை ஜெபத்திலும் தாவீதின் தளிர், அதாவது மேசியா, சீக்கிரம் துளிர்க்கட்டும் என்ற வேண்டுதல் உண்டு. எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைக்கும் பஸ்கா இரவில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றிவைத்து, வீட்டுக் கதவைத் திறப்பார்கள். மேசியாவுக்கு முன்னே வருபவர் எலியா அல்லவா?

கேரல் நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு: டிசம்பரை ஒட்டி வரும் யூதப் பண்டிகை ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று போடாதீர்கள். அது கி.மு. 164-இல் ஆலயத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்த நினைவு. யோவான் 10-இல் அந்தப் பண்டிகைக்கு இயேசுவே எருசலேமில் இருக்கிறார். மாரிகாலம், சாலொமோனின் மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கிறார். சுற்றி நின்ற யூதர்கள் கேட்டது இதுதான்: நீர் கிறிஸ்துவானால் தெளிவாகச் சொல்லும், இன்னும் எத்தனை நாள் எங்களைக் காக்கவைப்பீர்?