வின்யோ வெர்தேயைப் பூட்டி வைக்காதீர்கள்

போர்ச்சுகலில், போர்ட்டோவை ஒட்டிய மட்டோசின்யோஸில் ஒரு மீன் உணவகத்தில் பரிமாறுகிறேன். ஜூன் வந்தால் அந்தத் தெருவெல்லாம் மத்தி சுடும் புகைதான். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வாடிக்கையாளரிடம் இந்த நாட்டு ஒயினான வின்யோ வெர்தே பாட்டிலை நீட்டி, "இது மூணு வருஷம் பழசு, நன்றாக இருக்கும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வந்த புதிதில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒயினில் புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். கார்க் உடைவது, கிளாஸில் கறை இருப்பது போன்றவை பழகப் பழகத் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழசானால் ருசிக்கும் என்று நினைப்பது

வெர்தே என்றால் பச்சை. அது ஒயினின் நிறமல்ல. சிவப்பிலும் ரோஸிலும்கூட வின்யோ வெர்தே உண்டு. மழை கொட்டும் வடமேற்கு போர்ச்சுகலின் பச்சைப்பசேல் நிலத்தைக் குறிக்கிறது என்பார்கள் சிலர். இளசாகக் குடிக்க வேண்டியது என்பதால் வந்த பெயர் என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி, பட்டதால்.

நண்பனின் கல்யாணத்துக்கென்று தள்ளுபடியில் 12 பாட்டில் வாங்கினேன். கல்யாணம் தள்ளிப் போனது. பாட்டில்கள் சமையலறைக்குப் பக்கத்து அறையில், அடுப்புச் சூட்டில், இரண்டரை வருஷம் கிடந்தன. திறந்தால் நாக்கில் சுர்ரென்று ஏறும் அந்த மெல்லிய நுரைப்பு இல்லை. எலுமிச்சை வாசனையும் பூ வாசனையும் போய், வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி ஒரு வாடை. பன்னிரண்டும் தொட்டியில் போயிற்று.

முன்பெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்போது அந்த நுரைப்பு வந்தது. இன்று பெரும்பாலும் அடைக்கும்போது கொஞ்சம் கரியமில வாயு சேர்க்கிறார்கள். எப்படி வந்தாலும் அது தங்குவதில்லை.

இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், அதே நாட்களில் மொன்சாவ், மெல்காசோ ஊர்ப் பக்கத்து அல்வரின்யோ (அதே பெயருள்ள வெள்ளைத் திராட்சையில் செய்த வின்யோ வெர்தே) இரண்டு பாட்டில் கையில் இருந்தது. 'விலை கூடியது, கெட்டுப்போகும்' என்று வந்த வாரமே குடித்துத் தீர்த்தேன்! சில வருஷம் வைத்திருந்தால் தேன் வாசனை ஏறி மெருகேறக்கூடியது அதுதான். 1908-இல் எல்லை வகுத்த வின்யோ வெர்தே பகுதியில் இன்று ஒன்பது துணைப் பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அதனால் குழப்பம் வரத்தான் செய்யும். மலிவான பாட்டில்கள் பலவற்றில் அறுவடை ஆண்டே அச்சிட்டிருக்காது. வேகமாக விற்றுத் தீரும் கடையில் வாங்குங்கள், அந்தக் கோடைக்குள் குடித்துவிடுங்கள்.

ஐஸ் போடுவது

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே குளிர்

மெலிந்த வகைக்கு 8 டிகிரி. அல்வரின்யோவுக்கு 10, 12 வரை போகலாம். அதற்கும் கீழே போனால் வாசனை மூடிக்கொள்ளும்.

மீனென்றால் வெள்ளைதான் என்று அடம்பிடிப்பது

கரியில் சுட்ட மத்தியில் கொழுப்பு அதிகம். வெள்ளையின் புளிப்பு அதை அறுத்துக்கொண்டு போகும், சரி. ஆனால் இந்த ஊர்ப் பெரியவர்கள் அதே மத்திக்கு வின்யாவ் திராட்சையில் செய்த சிவப்பு வெர்தேயை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உதடு கறுத்துவிடும், கவலைப்பட மாட்டார்கள். பன்றி இறைச்சி வறுவலுக்கும் அது நன்றாகப் பொருந்தும்.

பூண்டும் கொத்தமல்லியும் ஆலிவ் எண்ணெயும் போட்டு வேகவைக்கும் மட்டி, நம் மூக்குக்குப் பழகிய வாசனை. அதற்கு லோரெய்ரோ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தது. பிரி-பிரி மிளகாய் தடவிய கோழிக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்புள்ள வகை. ஆல்கஹால் கூடினால் காரமும் கூடித் தெரியும். க்ரீம் ஊற்றிச் சுட்ட உப்புக் காட் மீனுக்கு மட்டும் மெலிந்தது எடுபடாது. அங்கே அல்வரின்யோவை எடுங்கள்.

அப்புறம், அந்தப் பையனின் மூன்று வருஷத்துப் பாட்டிலை வாங்கிச் சமையலறையில் கொடுத்தேன். சமையல்காரர் முகர்ந்து பார்த்தார். மட்டிச் சட்டியில் ஊற்றக்கூடச் சம்மதிக்கவில்லை.