காட்டோரம் மேயும் ஆட்டுக்கு நுரையீரல் புழு: புழுக்கையில் கண்டுபிடிக்கும் முறை

போன ஐப்பசி மழையில், ஏற்காடு போகும் குப்பனூர் பாதை அடிவாரத்தில், எங்கள் பட்டியில் ஏழு வெள்ளாடுகளுக்கு இருமல். ஓட்டினால் இருமும், நின்றால் அடங்கும். அதே வாரம் ஓடையோரம் ஒரு புள்ளிமானும் விலா தெரிய, கழுத்தை நீட்டி இருமிக்கொண்டு நின்றது.

அந்த மானுக்கு மருந்து வைக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. வைக்கக் கூடாது. தீவனத்தில் கலந்து வைத்தால் எது எவ்வளவு தின்றது என்று தெரியாது. அரைகுறை அளவில் புழு மருந்துக்குப் பழகிவிடும். பிடித்து ஊசி போடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சேலம் பக்கம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் அடைப்பில் இருக்கும் மான்களுக்கு மருத்துவர் கொடுக்க முடியும், காட்டு மானுக்கு வனத்துறைக்குச் சொல்வது ஒன்றே வழி. நம் கையில் இருப்பது நம் ஆடு. சில புழு இனங்கள் ஆட்டுக்கும் மானுக்கும் பொது என்பதால், மான் மேயும் புல்லில் நம் ஆடு புழுவைப் போடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

புழுக்கையில் புழு முட்டை தேடும் வழக்கமான சோதனையை நம்பாதீர்கள். நுரையீரல் புழு மூச்சுக்குழாயில் முட்டையிடும். ஆடு இருமி விழுங்கும்போதே முட்டை பொரிந்து, புழுக்கையில் இளம்புழுவாகத்தான் வரும். அதற்குப் பேர்மன் முறை வேண்டும், அதாவது புழுக்கையிலிருந்து தண்ணீருக்குள் நெளிந்து வரும் இளம்புழுவைப் புனலின் அடியில் பிடிப்பது.

முதலில் புழுக்கை. கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே ஒரு கைப்பிடி எடுங்கள். நான் இரண்டு முறை தரையில் கிடந்ததை எடுத்தேன். மண்ணில் வாழும் சாதாரண நூற்புழுக்களும் அதில் ஏறிக்கொண்டு, கண்ணாடியில் நெளிந்ததெல்லாம் நோய்ப்புழுவாகத் தெரிந்தது. ஒரு வாரம் வீண்.

அப்புறம் புனலின் அடியில் சலைன் டியூப் மாட்டிக் கிளிப்பால் இறுக்குங்கள். புழுக்கையைக் காஸ் துணியில் முடிந்து, குச்சியில் கட்டிப் புனலுக்குள் தொங்கவிட்டு, முடிச்சு நனையும்வரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். விரல் வைத்தால் சுடக் கூடாது, சூடு பட்டால் புழு செத்துவிடும். பிளாஸ்டிக் புனலைவிடக் கண்ணாடிப் புனல்தான் எனக்குப் பிடித்தது, வழவழப்பில் எதுவும் ஒட்டாது. இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

காலையில் கிளிப்பைத் தளர்த்தி முதல் சில சொட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தலை நுனியில் சின்னக் குமிழ் இருந்தால் டிக்டியோகாலஸ் ஃபைலேரியா என்ற நுரையீரல் புழு. வால் வளைந்து முள்ளோடு இருந்தால் முல்லேரியஸ் என்ற இன்னொரு நுரையீரல் புழு, அது நத்தை வழியாக வருவது.

சரி, மருந்து. கால்நடை உதவி எண் 1962-ஐ அழைத்தோ பக்கத்து கால்நடை மருந்தகத்திலோ கேட்டுவிட்டே கொடுங்கள். எங்கள் ஆடுகளுக்குச் சொன்னது ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும், அதனால் செம்மறிக்குச் சொன்ன அளவு போதாது. 2.5 சதவீத மருந்தில் 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசு வையுங்கள். சினை ஆட்டுக்கு அல்பெண்டசோல் என்ற இன்னொரு புழு மருந்து வேண்டாம். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கினால் மருந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். இருமுகிற ஆட்டுக்கு அதுவே ஆபத்து.

பின்சேர்க்கை: மருந்து கொடுத்தபின் இருமல் கூடியதாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செத்த புழு நுரையீரலிலிருந்து வெளியேறும்போது சில நாள் அப்படி இருக்கலாம். காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த ஆட்டை ஓடைப் புல்லுக்கு விடாமல், பட்டியிலேயே காய்ந்த தீவனம் போடுங்கள்.