மார்கழியில் கரன்ட் பில் எகிறுவது ஏன்? வெந்நீரில் செய்யும் தவறுகள்

வேலூர், ஆற்காடு பக்கம் குளிர்காலச் செலவு என்பது பெரும்பாலும் குளிக்கிற வெந்நீர்தான். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நாலு பேர் தினம் குளித்தால் இரண்டு மாத ரீடிங்கில் 110 யூனிட் அளவுக்கு வந்துவிடும். கீசரோ வாளியில் போடும் ஹீட்டர் ராடோ, இந்தக் கணக்கு மாறாது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீரின் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் ஏற்றும் டிகிரியைக் குறைக்க வேண்டும்.

டிகிரி விஷயத்தில் பலரும் கவனிக்காதது மோட்டார் போடும் நேரம். சாயங்காலம் நிரப்பிய மாடித் தொட்டி ராத்திரிப் பனியில் 20, 21 டிகிரி வரைகூட இறங்கிவிடும். போர் தண்ணீர் பூமிக்கடியில் வருஷம் முழுக்க 27, 28 டிகிரியில் இருக்கிறது. மார்கழி விடியலில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிவது அதனால்தான். ராத்திரி தொட்டியை வற்றவிட்டு, குளிக்கும் முன் மோட்டார் போடுங்கள். 27-லிருந்து 40-க்கு 0.3 யூனிட் போதும். மூன்றில் ஒரு பங்கு செலவு அங்கேயே குறைகிறது. குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பியுள்ள வீட்டுக்கு இது உதவாது. அவர்கள் மதிய வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீரில் சாயங்காலமே குளித்துவிடலாம்.

ராத்திரி முழுக்க கீசரை ஆனில் விடுவது அடுத்த தவறு. கீசரின் உள்தொட்டி சூட்டை இழக்க இழக்க, சூட்டைப் பார்த்து கரன்டை விடும் தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்ப ஆனாகும். 2000 வாட், 25 லிட்டர் கீசருக்கு 25-லிருந்து 60 டிகிரிக்கு வர அரை மணி நேரம் போதும். குளிக்க அரை மணி முன்பு போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைக்க வேண்டும். 75-ல் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலப்பதில் பயனே இல்லை. 55, 60 போதும்.

இதில் கட்டண அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால், 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகும். 495-ல் நிற்க வேண்டிய வீடு 505 ஆனால் கூடுவது பத்து யூனிட் விலை மட்டுமல்ல.

உப்புத் தண்ணீர் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. காயிலில் சுண்ணாம்பு படிந்தால் யூனிட் அதிகம் ஓடாது. சூடு வெளியேற முடியாமல் காயில்தான் எரிந்துபோகும். ஓடும்போது பொரிகிற மாதிரி சத்தம் கேட்டால் படிவு ஏறிவிட்டது. கார்த்திகைக்கு முன்பே இணைப்பைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வையுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். கூடவே உள்ளிருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தொட்டியையே அரிக்கும். சேஃப்டி வால்வு சொட்டுகிறதென்று அடைத்துவிடாதீர்கள், தொட்டி வெடிக்கும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தவர்கள் அதிலுள்ள பேக்கப் கரன்ட் காயிலை ஆனிலேயே விட்டால் வெயில் செய்ய வேண்டிய வேலையை கரன்ட் செய்துவிடும். டிசம்பரில் உச்சிவெயிலே தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சித்திரையில் நிழல் விழாத பக்கத்து வீட்டுத் தொட்டி மார்கழியில் மறைக்கலாம். பேனல் வைக்கும்போதே தெற்குப் பக்கம் பாருங்கள்.

ராடு போடுபவர்கள் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது.

ஏலகிரியில் அறை ஹீட்டர் வாங்குபவர்களுக்கு: 2000 வாட் என்றால் எந்த மாடலும் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட்தான், விலை கூடியது சிக்கனம் என்பது தவறு. கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு மின் ஹீட்டர் போடுவது சரி. ஆனால் கரிச்சட்டியை அப்படி மூடிய அறையில் வைத்துத் தூங்கவே கூடாது. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.