தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் கையில் படப்புத்தகம்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கான வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், மான்குர்டை அடுத்த சீத்தா கேம்ப் ஆகிய இடங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதற்கு முன்பே பலமுறை போய்வரும் பொது இடம் ஒன்று உண்டென்றால், அது தடுப்பூசி போடும் இடம்தான். பால்வாடிக்குப் பிள்ளையை அனுப்பாத வீடுகள் இருக்கின்றன. நூலகத்தை எட்டிப் பார்க்காத வீடுகளோ ஏராளம். ஊசியைத் தவறவிடும் வீடுகள் அவற்றைவிடக் குறைவு. ஆகவே, பிள்ளையைப் புத்தகத்தோடு பழக்கும் வேலையை அங்கேயே தொடங்குவது நல்லது. குழந்தை மருத்துவர்களுக்கும், மாநகராட்சி சுகாதார நிலையங்களில் பணியாற்றும் செவிலியர்களுக்கும், அவர்களுக்குத் தோள்கொடுக்க விரும்பும் தமிழ்ச் சங்கத் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பரிசோதனைக்கு வரும் குழந்தைக்குப் புத்தகம் கொடுக்கும் இந்த வழக்கம் புதியதன்று. 1989இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்ற பெயரில் இது தொடங்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, குழந்தை உடல்நலப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் மருத்துவர் புதிய புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது என்பதைப் பெற்றோருக்குச் செய்து காட்டுவார். வருவாய் குறைந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் இதன் பயன் என்ன என்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 135 குடும்பங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைந்த கெட்டி அட்டைப் புத்தகங்களையும், அதே இரு மொழிகளில் எழுதிய குறிப்புத் தாள்களையும், மருத்துவரின் ஆலோசனையையும் அளித்தார்கள். பல மாதங்கள் கழித்துக் கேட்டபோது, வாரத்தில் மூன்று நாளாவது குழந்தைக்குப் புத்தகம் படித்துக் காட்டிய பெற்றோர் அந்தப் பிரிவில் 66 விழுக்காடாகவும் மற்றதில் 24 விழுக்காடாகவும் இருந்தனர். குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கையில் மட்டும் அப்போது வேறுபாடு தென்படவில்லை. அவ்வளவு சிறு வயதில் அதை எதிர்பார்ப்பது அவசரம்தான் என்றாலும், "புத்தகம் காட்டினால் பிள்ளை சீக்கிரம் பேசும்" என்று எந்தத் தாய்க்கும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டுப் பழக்கம் மாறும் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 29 குழந்தைகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. ஒரு நாள் முழுவதும் வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில், குழந்தையை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்கள் ஒரு வீட்டில் 12,000க்கு மேலும் இன்னொரு வீட்டில் வெறும் 670 அளவிலும் இருந்தன. இரண்டும் வசதி குறைந்த வீடுகள்தான், பேசிய மொழியும் ஒன்றுதான். தன்னிடம் நேரடியாகப் பேசக் கேட்ட குழந்தைகளே 24 மாதத்தில் கூடுதல் சொற்களை அறிந்திருந்தனர். பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததால் அந்தப் பலன் கிட்டவில்லை. தாராவியின் சந்தில் வளரும் குழந்தையின் காதில் பேச்சு விழாத நேரமே இராது. தொலைக்காட்சி, தண்ணீர்க் குழாயடி, பக்கத்து வீட்டுச் சண்டை (அதுவும் மூன்று மொழிகளில்) என்று விடிந்தது முதல் கேட்டுக்கொண்டே இருக்கும். இவற்றுள் குழந்தையின் முகம் பார்த்துச் சொல்லப்பட்டவை எத்தனை என்பதுதான் கேள்வி. நாம் கொடுக்கும் புத்தகம் அப்படிப் பேசுவதற்கு ஒரு சாக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பதெல்லாம் பிறகுதான்.

எந்த வருகையில் கொடுப்பது

அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையே ஏறத்தாழப் பத்துப் பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. நம் அரசின் தடுப்பூசி அட்டவணையில் 14ஆவது வாரத்துக்குப் பின் 9 மாதம், 16 முதல் 24 மாதம், 5 வயது என்று மூன்றே வருகைகள்தான். அட்டவணையை மட்டும் நம்பினால் ஒரு குழந்தைக்கு மூன்று புத்தகம் கிடைத்தால் அதிகம். ஆனால் வைட்டமின் ஏ மருந்து 9ஆவது மாதத்தில் தொடங்கி, ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என மொத்தம் ஒன்பது தவணையாகத் தரப்படுகிறது. புத்தகத்தை ஊசியோடு மட்டும் சேர்க்காமல் இந்த மருந்தோடு சேர்த்துவிட்டால், பாஸ்டன் கணக்கை ஏறக்குறைய எட்டிவிடலாம். இரண்டு வயதுக்குப் பின் பல பிள்ளைகள் இம்மருந்தை அங்கன்வாடியிலேயே வாங்கிக்கொள்வதால், அங்கன்வாடிப் பணியாளரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் புத்தகம் எப்போது கொடுக்கப்பட்டது என்பதைத் தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்தால், அடுத்த முறை அதே புத்தகத்தைத் திரும்பக் கொடுக்க நேராது. ஏப்ரல், மே மாதங்களில் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விடுகிறவர்கள் அதிகம் என்பதால், அவர்களுக்குரியதை மார்ச்சுக்குள் கொடுத்துவிடுவது உத்தமம். ஊரில் பாட்டியின் மடியில் அந்தப் புத்தகம் இன்னும் நன்றாக உழைக்கும்.

எந்தப் புத்தகம்

மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தாய்மார்களில் பலர் வீட்டில் நல்ல தமிழ் பேசுவார்கள். இந்தி அல்லது ஆங்கில வழியில் படித்ததால் தமிழ் எழுத்து மட்டும் வாசிக்க வராது. திருமணமாகி ஊரிலிருந்து வந்தவர்களுக்கோ தமிழ் வாசிக்க வரும். இந்தி எழுத்து தெரியாது. ஆகையால் "படித்திருக்கிறீர்களா?" என்று கேட்பது நாகரிகமும் அன்று, பயனுள்ள கேள்வியும் அன்று. "பிள்ளையோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள், எந்த எழுத்து வாசிப்பது எளிது?" என்று கேட்டு, விடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். ஒன்றரை வயது வரை சொற்களே இல்லாத, முகங்களும் விலங்குகளும் வீட்டுப் பொருள்களும் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம் எல்லாருக்கும் பொருந்தும். அதற்கு மேல் சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படநூல்கள், நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மூன்றிலும் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டு லேமினேஷன் செய்வதானால் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள். கம்பிச் சுருள் வேண்டாம். அப்படியும் அவை இரண்டு வயதைக் கடந்தவர்களுக்கே ஏற்றவை.

இரவல் கொடுக்கும் திட்டம் இங்கே எடுபடாது. குழந்தை கடித்துக் கிழித்தால் ஏச்சு விழுமோ என்று அஞ்சிப் புத்தகத்தைப் பரணில் வைத்துவிடுவார்கள். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

இரண்டு நிமிடத்தில் செய்வது

ஊசிக்கு முன்னால் கொடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஊசி போட்ட பின் குழந்தை அழும், தாய் காய்ச்சல் மருந்தின் அளவை நினைவில் நிறுத்தப் பாடுபடுவாள், வரிசையில் அடுத்தவர் எழுந்து நிற்பார். அந்த நேரத்தில் புத்தகம் கடனே என்று பைக்குள் போய்விடும்.

ஒன்பது மாதக் குழந்தை தாயின் மடியில் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன் புத்தகத்தை நீட்டுங்கள். குழந்தை முதலில் உங்களைப் பார்க்கும், பிறகு தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், அதன்பின் அட்டையின் ஓரத்தைப் பற்றி நேராக வாய்க்குக் கொண்டுபோகும். தாய் வெட்கப்பட்டு, "ஏய், கடிக்காத" என்று பிடுங்குவாள். உங்கள் வேலை தொடங்கும் இடம் இதுதான். "விடுங்கம்மா, இந்த வயசுல வாயில வச்சுத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முகம் உள்ள பக்கத்தைத் திருப்பி, "பாப்பா எங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணும் அளவுக்குப் பொறுக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது நீண்ட நேரமாகத் தோன்றும். குழந்தைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. அது கையால் தட்டலாம், ஒரு குரல் எழுப்பலாம், வெறுமனே உற்றுப் பார்க்கலாம். எது செய்தாலும் அதையே சொல்லாக்கித் திருப்பிக் கொடுங்கள்: "ஆமா, பாப்பாதான், சிரிக்குது பாருங்க." அடுத்த பக்கத்தைத் தாயிடம் விட்டுவிடுங்கள். அவர் செய்ததும், "நீங்க சொன்னதும் திரும்பிப் பாத்துச்சு, கவனிச்சீங்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பத்து அறிவுரைக்குச் சமம்.

இதற்கிடையில் மருத்துவருக்கும் ஆதாயம் உண்டு. விரல்களால் பற்றும் விதம், கண் ஓட்டம், ஒலி வந்த பக்கம் திரும்புதல், தாயின் பார்வையைத் தொடர்தல் ஆகிய அனைத்தையும் தனியே சோதிக்காமல் பார்த்துவிடலாம். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு படத்தைச் சுட்டிக் காட்டித் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை என்றால், அதைக் குறித்துவைத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல், தெரிந்த கதையில் ஒரு சொல்லை நீங்கள் விட்டுவிட்டால் பிள்ளையே அதை நிரப்பும்.

தாய்மார்கள் சொல்வது

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது சிஸ்டர், நான் இந்தி மீடியம்" என்று தலைகுனிபவர்களுக்கு, "வாசிக்க வேண்டாம்மா, படத்துல பாக்குறதை அவகிட்டப் பேசினாப் போதும்" என்ற விடை போதுமானது. இன்னொரு கவலை இதைவிட ஆழமானது: வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ, இத்தனை மொழியில் பிள்ளை குழம்பிப் பேச்சே வராமல் போய்விடுமோ என்பது. சில வேளைகளில் "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அதுவும் ஆங்கிலம் பேசுங்கள்" என்று படித்தவர்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. தாய்க்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில்தான் அவரால் கேலி பேசவும், கதை சொல்லவும், ஒரே பொருளைப் பல விதமாகச் சொல்லிக் காட்டவும் முடியும். அரைகுறை ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் பேச்சே குறைந்துவிடும்.

இரவு படுக்குமுன் படித்துக் காட்டுங்கள் என்ற அமெரிக்க அறிவுரையை அப்படியே ஒப்பிப்பதும் வீண். பத்துக்குப் பத்து அறையில் நால்வர் படுக்க, அதிகாலையில் இட்லிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய வீட்டில் இரவு எல்லாருக்கும் தூக்கம் முக்கியம். "பிள்ளை எந்த நேரத்துல உங்க மடியில இருக்கும்?" என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்தோடு இதைச் சேர்த்துவிடுங்கள். மதியச் சோறு ஊட்டும் நேரமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அப்போது கைப்பேசிக்குப் பதில் புத்தகம் என்பதையும் கையோடு சொல்லலாம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஊறுவதால், புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எலிக்கு எட்டாமலும் பிள்ளைக்கு எட்டும்படியும் துணிப்பையில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

அதே கைப்பேசிக்கு நல்ல வேலை ஒன்றும் உண்டு. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் பெருவாரியாக வரும் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில், தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடுவதைச் சில நிமிடங்கள் படம்பிடித்து, அதைத் தாயோடு அமர்ந்து பார்த்து, நன்றாக நடந்த இடங்களைச் சுட்டிக்காட்டும் திட்டம் நடத்தப்பட்டு வருகிறது. காத்திருக்கும் நேரத்தில் தன்னார்வலர் ஒருவர் தாயின் கைப்பேசியிலேயே எடுத்து, அதிலேயே போட்டுக் காட்டலாம். நம்முடைய கைப்பேசியில் எடுக்கவே கூடாது.

பேச்சு வளர்ச்சியை மதிப்பிடும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்தியில் மட்டும் கேட்டால் நான்கு சொல் தெரிந்த பிள்ளையாகத் தோன்றுவது, தமிழையும் சேர்த்தால் வயதுக்கேற்ற பிள்ளையாகவே இருக்கக்கூடும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தக் கணக்கைத் தாயிடமோ தன்னார்வலரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தும் 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டாலோ, 24 மாதத்தில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, மொழிகளின் மேல் பழிபோட்டுக் காலம் கடத்தாமல் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க அனுப்புங்கள். பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் அதற்கு வசதி உண்டு. அனுப்பும் கடிதத்தில் பிள்ளை எந்தெந்த மொழியில் எந்தெந்தச் சொல்லைச் சொல்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும்.