14 இரவுகள் கப்பலில்: முதன்முறை நீண்ட கடற்பயணம் செல்வோருக்குப் படிப்படியான விளக்கம்

மும்பைத் தமிழர்களுக்குக் க்ரூஸ் இப்போது புதிதன்று. பல்லார்டு பையரில் ஏறி, கோவா அல்லது லட்சத்தீவு வரை சென்று மூன்று நான்கு நாள்களில் திரும்பியவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் முலுண்டிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் அடுத்ததாகச் சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ விமானத்தில் சென்று, அங்கிருந்து இரண்டு வாரப் பயணம் போகலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் பயணம் கல்யாண வீட்டுக்குப் போய்வருவதைப் போன்றது. 14 நாள் பயணமோ குடித்தனம். துணி துவைப்பது, மாத்திரை சாப்பிடுவது, நேரத்துக்குத் தூங்குவது என்று வீட்டில் உள்ள அத்தனை வேலைகளும் ஒரு சிறிய அறைக்குள் கூடவே வரும். நானும் என் கணவரும் 71 வயதான என் அம்மாவும் சென்றுவந்த அனுபவத்தைக் கொண்டு, அந்தக் குடித்தனத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விசாவையும் காப்பீட்டையும் முதலில் முடியுங்கள்

கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களில் நிற்கிறது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையா என்று தனித்தனியாகப் பாருங்கள். "நாங்கள் அங்கே இறங்கப் போவதில்லையே" என்பது எல்லா இடங்களிலும் செல்லுபடியாகாது. சில வழித்தடங்களில், இறங்காவிட்டாலும் விசா இல்லாதவரைக் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள். ஐரோப்பியப் பயணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குச் சென்று மீண்டும் கிரேக்கத்துக்கு வரும் கப்பலில் நீங்கள் ஷெங்கன் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்பி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவதற்கான விசா அதற்குப் போதாது, பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சீட்டு, பயணம் முடிந்த பின்பும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா பக்கம் செல்வதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், சிறிய மருத்துவமனையும் இருக்கும்; ஆனால் கட்டணம் நம் ஊர்க் கணக்குக்கு மிக அதிகம். ஆகவே, கடலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை எடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே விமானத்தில் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

படி 2: அறையைத் தேர்ந்தெடுங்கள்

உயரமான தளத்தில், கப்பலின் முன்முனையில் இருக்கும் அறையைப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். முதன்முறை செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சீசாப் பலகையில் குழந்தைகள் ஆடும்போது இரண்டு முனைகளும் ஏறி இறங்குகின்றன, நடுப்பகுதி ஏறத்தாழ அசையாமல் இருக்கிறது, கப்பலும் அப்படித்தான். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதிதான் அலையை முதலில் வாங்குகிறது. எனவே நீளவாக்கில் நடுவிலும், உயரவாக்கில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறையே அசைவு குறைந்தது. பெரியவர்கள் உடன் வந்தால், லிஃப்டுக்கு அருகில், ஆனால் நடன அரங்கின் நேர்கீழே இல்லாத அறையாகப் பாருங்கள்.

படி 3: இரண்டு பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள்

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகையால் மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை உங்கள் தோளில் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். சேலைக்கு வேண்டுமே என்று சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றை அம்மாவின் பெட்டியில் வைத்திருந்தேன். தீ ஆபத்துக் கருதிக் கப்பல்களில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. ஊடுகதிர்ச் சோதனையில் அது தெரிந்ததும் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரைகளும் அதற்குள்ளேயே இருந்தன. இரவு ஒன்பது மணிக்கு நான் கீழ்த்தளத்துக்குச் சென்று, வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டி, இஸ்திரியை ஒப்படைத்த பிறகுதான் அன்றைய மாத்திரையை அம்மாவால் சாப்பிட முடிந்தது. மின்கெட்டில், மெழுகுவத்தி, ஊதுவத்தி, சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பலகை ஆகியவையும் பெரும்பாலான கப்பல்களில் தடை செய்யப்பட்டவையே.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் மூன்று பொருள்களைக் குறிப்பாகச் சொல்வேன். ஒன்று, சிறிய பிளாஸ்டிக் குவளை. பெரும்பாலான கப்பல்களின் கழிவறைகளில் கைக்குழாய் இருக்காது. இரண்டு, காந்தக் கொக்கிகள்; கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகள் என்பதால் அவை நன்றாக ஒட்டிக்கொள்கின்றன, தொப்பியையும் துண்டையும் பையையும் மாட்டிவிட்டால் தரை காலியாக இருக்கும். மூன்று, சிறிய எவர்சில்வர் காப்பி ஃபில்டர்.

அந்த ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 14 நாள்களும் காலையில் எங்களுக்கு வீட்டு நினைவைத் தந்தது அதுதான். மாட்டுங்காவில் அரைத்து வாங்கிய தூளை, பிரிக்காத உறையோடு கொண்டுபோனோம். பஃபே கூடத்தின் வெந்நீர்க் குழாயில் வரும் நீர் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் வழக்கத்தைவிட ஒரு தேக்கரண்டி தூள் கூடுதலாகப் போட்டு, அழுத்தி, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால்தான் டிக்காஷன் திடமாக இறங்கும். இரவே இறக்கி, அறையிலிருந்த சிறிய குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், விடியற்காலையில் சூடான பால் மட்டும் வாங்கி வந்தால் போதும்.

வீட்டில் சமைத்த உணவுக்கு அனுமதி கிடையாது. ஆலையில் உறையிட்ட ஊறுகாயும் பருப்புப் பொடியும் பொதுவாகத் தடையின்றிப் போகின்றன.

படி 4: ஏறிய அன்று செய்ய வேண்டியவை

முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. 2012-இல் இத்தாலியக் கடற்கரையருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அவசர அழைப்பு. உங்கள் கூடுமிடத்தின் எண் அறைச் சாவி அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு லிஃப்டைப் பயன்படுத்தாமல், படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். அம்மாவை அப்படி அழைத்துச் சென்றபோது எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தத் திருப்பத்தில் கைப்பிடி இல்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது.

அதே அட்டைதான் கப்பலுக்குள் பணமும். வாங்குவதெல்லாம் கணக்கில் ஏறும். பணியாளர்களுக்கான அன்றாட வெகுமதித் தொகையும் பல கப்பல்களில் தலைக்கு இவ்வளவு என்று தானாகவே சேரும். வங்கிச் செயலியில் உங்கள் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டை மும்பையிலேயே திறந்துவிட்டுச் செல்லுங்கள்.

கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றாமல் கடலுக்குள் போகாதீர்கள். கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அது தானாகவே பிடித்துக்கொள்ளும்; அந்தக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். விமானப் பயன்முறையிலேயே வைஃபையை மட்டும் தனியாக இயக்கிக்கொள்ளலாம்.

பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பெட்டிக்குள்ளேயே வைத்து எடுப்பது மூன்று நாளைக்குச் சரிவரும், 14 நாளைக்கு வராது. குளியலறை வாசலில் உயர்ந்த விளிம்பு இருக்கும். இரவில் எழும் பெரியவர்கள் அதில் தடுக்காதபடி சிறிய விளக்கை எரியவிடுங்கள். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக்கதவையும் திறந்தால் காற்று அதை அறைந்து சாத்தும். குழந்தைகளின் விரல்களுக்கு மிகவும் ஆபத்து.

படி 5: கப்பலின் கடிகாரத்தைக் கையில் கட்டுங்கள்

நீண்ட பயணத்தில் கப்பல் பல நேர மண்டலங்களைக் கடக்கிறது. மேற்கே போனால் சில இரவுகளில் ஒரு மணி நேரம் கூடும், கிழக்கே போனால் குறையும். எந்த இரவில் மாறுகிறது என்பது முந்தைய மாலை அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும். ஆனால் துறைமுகத்தில் உங்கள் கைப்பேசி கரையின் நேரத்துக்குத் தாவிவிடலாம். கப்பலின் நேரம் வேறாக இருக்கலாம். அதனால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும் நாள்களில் அதை மட்டும் நம்புங்கள். தைராய்டு மாத்திரை, இன்சுலின் போன்றவற்றுக்கு நேரம் மாறும் நாள்களில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சாப்பாடும் சோப்பும்

சைவம் என்பதை முன்பதிவின்போதே தெரிவியுங்கள். முதல் நாள் இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடமும் நேரில் சொல்லுங்கள். காய்கறி சூப்பில் கோழிச் சாறு, நூடுல்ஸில் மீன் சாஸ், கேக்கில் முட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல பணியாளர்கள் அதை விரும்பவே செய்கிறார்கள். பல கப்பல்களில் மறுநாள் இரவுக்கு வேண்டியதை முந்தைய இரவே கேட்டால், பருப்பும் காய்கறிக் கூட்டும் தனியாகச் செய்து தருவார்கள். வெறும் சோறும் இனிப்பில்லாத தயிரும் பஃபேயில் கிடைத்ததால் அம்மாவுக்குத் தயிர்சாதம் ஒருநாளும் தவறவில்லை.

பஃபேக்குள் நுழையுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் கூட்டமாகப் பரவும் வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமான நோரோவைரஸை, ஆல்கஹால் கலந்த சானிட்டைசர் சரியாக அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் அதை நீக்கும். வயிறு கெட்டால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 7: தலைசுற்றல் வந்தால்

உடல் ஆடுகிறது என்று உட்காது சொல்கிறது. அறைச் சுவர் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். ஆகவே படுத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். திறந்த தளத்துக்கு வந்து, கடலும் வானும் சேரும் கோட்டைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். உப்பு பிஸ்கட்டும் இஞ்சி மிட்டாயும் போதும். அவோமின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்குமுன் சாப்பிட்டால்தான் நன்றாக வேலை செய்யும், தூக்கமும் வரவழைக்கும். பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் மட்டுமே கடினமாக இருந்தது.

படி 8: கடல் நாள்களும் துவைக்கும் நாள்களும்

கரையே தெரியாத நாள்களில் 18 நாட் (கப்பல் வேகத்தின் அலகு) வேகத்தில் செல்லும் கப்பல் மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் கடக்கிறது. வெளியே எதுவும் மாறாததுபோலவே தோன்றும். அந்த நாள்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். நாங்கள் விடியற்காலையில் தளத்தைச் சுற்றி நடந்தோம், பிறகு துவைத்தோம். குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி இருக்கும். பால்கனியில் காயப்போடக் கூடாது. பிழிந்த துணியை உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, காலால் மிதித்தால் ஈரம் பெருமளவு போய்விடும். பருத்தி அப்படியும் ஒரு நாள் எடுக்கும். சிந்தெட்டிக் சேலையும் குர்தாவும் இரவுக்குள் உலர்ந்துவிடும். சிறப்பு விருந்து இரவுக்குக் கோட்டு வாங்க வேண்டாம், பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் தாராளமாக ஏற்கப்படுகின்றன.

படி 9: துறைமுகத்தில் இறங்கும்போது

அனைவரும் ஏறியாக வேண்டிய நேரம், புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும். சாவி அட்டை, கடவுச்சீட்டின் நகல், அந்த ஊரில் கப்பலின் பிரதிநிதியான துறைமுக முகவரின் தொலைபேசி எண் ஆகியவை சட்டைப்பையில் இருக்கட்டும். தனியாகச் சுற்றுபவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கப்பலிலிருந்து பழமோ சோறோ கரைக்கு எடுத்துப்போக வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அபராதம் கடுமையானது.

படி 10: கடைசி இரவு

பெரிய பெட்டிகளை அன்றிரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதையும் மாத்திரைகளையும் செருப்பையும் அறைக்குள்ளேயே தனியாக எடுத்து வைத்துவிட்டீர்களா என்று பெட்டியைப் பூட்டுமுன் பாருங்கள். கணக்குச் சீட்டையும் அன்றே வாசித்துவிடுங்கள். தவறு இருந்தால் இரவிலேயே சொல்லலாம், காலையில் வரிசை நீளமாக இருக்கும்.

வீடு திரும்பிய பின்பும் ஓரிரு நாள்களுக்குத் தரை ஆடுவதுபோலத் தோன்றலாம். செம்பூர் வீட்டுச் சமையலறையில் அம்மா இரண்டு நாள் மேடையைப் பிடித்துக்கொண்டேதான் நின்றார். பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும். அதுவரை வண்டி ஓட்டுவதையும் ஏணி ஏறுவதையும் தவிருங்கள், சில நாள்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.